செயலற்றவையா, மிகைதராதவையா? வானொலி அதிர்வெண் உறுப்புகளின் தாங்கெல்லையும் கலைச்சொல்லாக்கமும்

முன்னுரை

தமிழில் கலைச்சொல்லாக்கம் குறித்து எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் மூன்று வினாக்களைச் சுற்றியே அமைகின்றன. அயற்சொல்லை ஒலிபெயர்ப்பதா, மொழிபெயர்ப்பதா என்பது முதல் வினா. ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வழங்குமிடத்து எதனைத் தரப்படுத்துவது என்பது இரண்டாம் வினா. ஆக்கிய சொல்லை வழக்கிற்குக் கொண்டுவருவது எங்ஙனம் என்பது மூன்றாம் வினா. இம்மூன்றும் இன்றியமையாதன. ஆயினும் நான்காவதாக ஒரு வினா உண்டு. அது போதிய அளவு எழுப்பப்படவில்லை. ஒரு கலைச்சொல், தான் குறிக்கும் கருத்தின் நடுப்பகுதியில் மட்டுமன்றி அதன் விளிம்பிலும் பொருந்தி நிற்கிறதா என்பதே அவ்வினா.

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். தமிழில் ஆக்கப்பெறும் கலைச்சொற்களுள் மிகப் பல காரணப்பெயர்களே. சொல்லைக் கேட்டவுடன் பொருள் விளங்கும் என்பது அவற்றின் சிறப்பாகக் கூறப்படுகிறது. அச்சிறப்பே இடராகவும் முடியக்கூடும். காரணம் காட்டாத இடுகுறி, படிப்பவரை வரையறையைத் தேடவைக்கும். தவறான காரணம் காட்டும் பெயரோ, தேடவேண்டிய தேவையே இல்லை என்னும் மயக்கத்தைத் தந்துவிடும். ஆகவே, பிழையான காரணப்பெயர் இடுகுறியினும் தீங்கானது என்பது இக்கட்டுரையின் கருத்து. இதனை நிறுவுவதற்கு வானொலி அதிர்வெண் பொறியியலிலிருந்து ஒரு குறுகிய பகுதி மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘பாசிவ்’ என வழங்கும் உறுப்புகளின் நேரியல் தன்மையும் அவை தாங்கும் திறனின் எல்லையுமே அப்பகுதி.

‘செயலற்ற’ என்னும் அடை

கைப்பேசிக் கோபுரத்தின் அடியிலுள்ள அனுப்பியிலிருந்து உச்சியிலுள்ள ஆண்டெனா வரை அலை செல்லும் வழியில் கோஆக்சியல் கேபிள், கனெக்டர், வடிப்பான், பகுப்பான் முதலிய உறுப்புகள் அமைந்துள்ளன. ஆண்டெனாவும் இவ்வகையினதே. இவை எவற்றுக்கும் தனியே மின்னூட்டம் தரவேண்டியதில்லை. இவை எவையும் அலையைப் பெருக்குவதுமில்லை. மின்தடையாக்கி, மின்தேக்கி, மின்தூண்டி ஆகியனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்தைத் தமிழில் ‘செயலற்ற உறுப்புகள்’ என்றும் ‘செயலறு கூறுகள்’ என்றும் எழுதும் வழக்கம் உண்டு.

‘அற்ற’ என்பது ‘அறு’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயரெச்சம். நாள்தோறும் வழங்கும் தமிழில் ‘செயலற்றுப் போயிற்று’ என்றால் இயங்கிய ஒன்று இயக்கம் ஒழிந்தது என்று பொருள். வடிப்பானோ ஓயாது செயற்படுகிறது. வேண்டிய அதிர்வெண்ணை விடுத்து வேண்டாததைத் தடுக்கிறது, சூடேறுகிறது, சிறு அளவில் அலையைக் கெடுக்கவும் செய்கிறது. ‘செயலற்ற வடிப்பானின் செயற்பாடு’ என்று ஒரு நூலாசிரியர் எழுதவேண்டிய நிலை வருமாயின், அத்தொடரின் முரணுக்குப் பொறுப்பு அவருடையதன்று, சொல்லுடையது.

தமிழிலக்கணம் இவ்விடத்தில் தெளிவான ஒரு வேறுபாட்டை முன்பே அறிந்திருக்கிறது. ‘மரம் வெட்டப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. அங்கே மரம் செயலற்றதாகக் கூறப்படவில்லை. ஒரு செயலுக்கு உட்பட்டதாகக் கூறப்படுகிறது. ‘படு’ என்பது உட்படுதலைக் குறிக்கிறது. ‘அறு’ என்பது இன்மையைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் வினைக்கும் மின்னுறுப்புக்கும் ஒரே அடை வழங்குகிறது. வினைக்குப் ‘பாட்டு’ எனத் தமிழாக்கிய மரபு, மின்னுறுப்புக்கு ‘அற்ற’ எனத் தமிழாக்கியபோது கருத்து இடம் மாறிவிட்டது.

இவ்வினத்தின் உண்மையான வரையறை ஆற்றலைப் பற்றியது. தன்னுள் வந்த ஆற்றலைவிட மிகுதியான ஆற்றலை வெளியே தராத உறுப்பு எதுவோ அதுவே பாசிவ் உறுப்பு. மின்தேக்கி தான் சேமித்ததைத் திருப்பித் தரும். சேமித்ததற்கு மேல் தராது. எனவே இதனை ‘மிகைதரா உறுப்பு’ எனலாம் என்பது என் முன்மொழிவு. ‘தரா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், முக்காலத்துக்கும் பொதுவானது. ஒரு பொருளின் நிலையான இயல்பை வரையறுக்க இவ்வடிவம் ஏற்றது. இச்சொல் செயலை மறுக்கவில்லை. மிகையை மட்டுமே மறுக்கிறது.

‘நேரியல்’ என்பதன் உட்பொருள்

செயலற்றது என்று பெயரிட்டதனால் விளையும் அடுத்த மயக்கம், ஒன்றும் செய்யாத உறுப்பு எதனையும் கெடுக்காது என்னும் எண்ணம். பொறியியல் மொழியில் கூறின், பாசிவ் உறுப்புகள் யாவும் நேரியல் தன்மை உடையன என்னும் எண்ணம். இவ்விரு பண்புகளும் வெவ்வேறு. முன்னது ஆற்றல் கணக்கைப் பற்றியது; பின்னது உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. டையோடு ஆற்றல் கணக்கில் மிகைதராதது. ஆயினும் அது நேரியல் தன்மை சிறிதும் இல்லாதது.

‘நேரியல்’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. ‘நேர்’ என்பது அறிவியல் தமிழில் பல சுமைகளைச் சுமக்கிறது. நேர்மின்சுமையில் அது எதிர்மறைக்கு மறுதலை, நேர்மின்னோட்டத்தில் ஒருதிசைத் தன்மை, நேர்விகிதத்தில் ஒத்த ஏற்றம், நேர்க்கோட்டில் வளைவின்மை. இவற்றுள் இறுதியாகக் கூறிய பொருளே ‘நேரியல்’ என்பதைக் கேட்டதும் மாணவர் மனத்தில் எழுகிறது. வரைபடத்தில் நேர்க்கோடு வந்தால் நேரியல் என்று அவர் கொள்கிறார். ஆனால் மாறுமின்னோட்டத்தில் இயங்கும் நல்ல மின்தேக்கி ஒன்றின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வரைபடத்தில் இட்டால் கிடைப்பது நீள்வட்டம். ஆயினும் அம்மின்தேக்கி நேரியல் உறுப்பே.

அங்ஙனமாயின் நேரியல் என்பது யாது? இரண்டு உள்ளீடுகளைத் தனித்தனியே தந்தால் கிடைக்கும் வெளியீடுகளின் கூட்டுத்தொகையும், அவ்விரண்டையும் ஒருங்கே தந்தால் கிடைக்கும் வெளியீடும் ஒன்றாக இருத்தல். உள்ளீட்டை எத்தனை மடங்காக்கினாலும் வெளியீடும் அத்தனை மடங்காதல். இவ்விரண்டுமே அதன் இலக்கணம். இங்கே அடிப்படைக் கருத்து நேர்மையன்று, கூட்டுப்பண்பு. ‘நேரியல்’ என்பது பாடநூல்களில் வேரூன்றிவிட்ட சொல். அதனை மாற்றவேண்டும் என்று இக்கட்டுரை கூறவில்லை. ஆனால் அதனை அறிமுகப்படுத்தும் இடத்தில் கூட்டுப்பண்பு என்னும் விளக்கம் தவறாது இடம்பெறவேண்டும். ஏனெனில் அப்பண்பு முறியும்போது நேர்வது யாது என்பதை ‘நேர்’ என்னும் அடி உணர்த்தாது.

கோபுரத்தில் நேரும் பிழை

அது முறியும்போது நேர்வதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 900 மெகாஹெர்ட்ஸ் ஜி.எஸ்.எம். முறையில் கோபுரம் 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்புகிறது. 890 முதல் 915 வரை கேட்கிறது. ஒரே ஆண்டெனாவும் ஒரே கேபிளும் இரு பணிகளையும் செய்யலாம். 935, 960 என்னும் இரு அலைகள் ஒரு கனெக்டர் வழியே செல்கின்றன எனக் கொள்வோம். கனெக்டர் முழுமையாக நேரியல் தன்மை உடையதாயின், நுழைந்த இரண்டுமே வெளிவரும். அதனுள் தளர்ந்த தொடுகையோ, உலோகப் பரப்பில் படிந்த ஆக்சைடு படலமோ, நிக்கல், இரும்பு போன்ற காந்தப்பண்புடைய உலோகமோ இருப்பின், நுழையாத அலைகளும் பிறக்கும். முதல் அதிர்வெண்ணின் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 910 மெகாஹெர்ட்ஸ். அது கோபுரம் கேட்கும் பட்டையின் உள்ளே விழுகிறது. கேட்கும் பட்டைக்குள்ளேயே பிறந்துவிட்டதனால் வடிப்பானால் அதனை நீக்க இயலாது.

இதன் அளவு வியப்பிற்குரியது. கேபிள், கனெக்டர் முதலியவற்றை இப்பண்புக்காகச் சோதிக்கும் பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 62037 இரண்டு 20 வாட் அலைகளைக் கொண்டு அளக்கிறது. அச்சோதனையில் −110 டிபிஎம் என்பது நல்ல கனெக்டருக்கு வழக்கமாகக் கேட்கப்படும் அளவு. ஒரு வாட்டைக் கோடி பங்காக்கி, அவற்றுள் ஒன்றை மீண்டும் கோடி பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கே அது. இத்துணைச் சிறிய அளவைக் கருதவேண்டுமோ எனின், வேண்டும். தொலைவிலுள்ள கைப்பேசியிலிருந்து கோபுரத்தை வந்தடையும் அலையும் அத்துணைச் சிறியது. ஜி.எஸ்.எம். கோபுரத்தின் ஏற்பி உணரவேண்டியதாக வரையறுக்கப்பட்ட அளவு −104 டிபிஎம். அத்தகைய பங்குகளில் ஏறத்தாழ நான்கு. ஒரு கனெக்டர் சற்றே தளர்ந்தால் அதில் பிறக்கும் அலை பன்மடங்காகி, மக்களின் குரலை விழுங்கிவிடும்.

பொறியாளர் செய்யும் மருத்துவம் எளியது: பரப்பைத் துடைத்தல், வெள்ளிப்பூச்சுடைய கனெக்டரைத் தேர்தல், குறித்த அளவு முறுக்குவிசையோடு இறுக்குதல். ஆயின் நோய் எங்குள்ளது என்று ஐயுறுவதற்கே ஒரு சொல் இடம்தரவேண்டும். ‘செயலற்ற’ ஒன்றின்மேல் யாரும் ஐயம் கொள்வதில்லை. இவ்விடத்தில் ‘மிகைதரா’ என்பது தன் பொருளை இழக்காமல் நிற்பதையும் காணலாம். புதிதாகப் பிறந்த 910 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஆற்றல், நுழைந்த இரு அலைகளிலிருந்து எடுக்கப்பட்டதே. மொத்தக் கணக்கில் மிகை இல்லை. கருத்து விளிம்பை எட்டும்போது முன்னைய சொல் பொய்க்கிறது. பின்னைய சொல் மெய்யாகவே இருக்கிறது.

ஒரு சொல், மூன்று எல்லைகள்

ஓர் உறுப்பு எத்தனை வாட் தாங்கும் என்னும் வினாவிற்கு ஒரே எண்ணை விடையாகத் தருவது வழக்கம். உண்மையில் அங்கே மூன்று எல்லைகள் உள்ளன.

முதலாவது வெப்பத்தின் எல்லை. உறுப்பில் இழக்கப்படும் ஆற்றல் சூடாக மாறுகிறது. காப்புப் பொருள் தாங்கும் வெப்பநிலையைக் கடந்தால் உறுப்பு கெடும். இதனைத் தீர்மானிப்பது சராசரித் திறன். அதிர்வெண் உயர உயர மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பில் ஒதுங்குவதனால் இழப்பு மிகுகிறது. எனவே அதே கேபிள் உயர்ந்த அதிர்வெண்ணில் குறைந்த வாட்டையே தாங்கும்.

இரண்டாவது மின்முறிவின் எல்லை. காப்பிடத்திலுள்ள காற்று, கடல்மட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ட் அளவில் முறிந்து பொறி தோன்றும். இதனைத் தீர்மானிப்பது உச்ச மின்னழுத்தம். நான்கு 20 வாட் அலைகள் ஒரே கேபிளில் சென்றால் சராசரித் திறன் 80 வாட். ஆனால் நான்கின் முகடுகளும் ஒன்றுகூடும் கணத்தில் மின்னழுத்தம் நான்கு மடங்காகிறது. திறன் பதினாறு மடங்காகி 320 வாட்டை எட்டுகிறது. சராசரியை மட்டும் கண்டு தேர்ந்த உறுப்பு இக்கணத்தில் முறியலாம்.

மூன்றாவது நேரியல் தன்மையின் எல்லை. நூற்றுக்கணக்கான வாட்டைச் சூடேறாமலும் பொறி தோன்றாமலும் கடத்தவல்ல கனெக்டர், 20 வாட்டிலேயே மேற்கண்ட வேண்டாத அலையைப் பிறப்பிக்கலாம். இவ்வெல்லையில் எதுவும் எரிவதில்லை, உடைவதில்லை. மேலும், இது சட்டென்று கடக்கும் கோடும் அன்று. கோட்பாட்டின்படி நுழையும் அலைகளின் திறன் இருமடங்கானால் மேற்கூறிய மூன்றாம்படி அலை எட்டு மடங்காகிறது. அளவீட்டில் வளர்ச்சி பெரும்பாலும் இதனினும் சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது. எவ்வளவு பொறுக்கலாம் என்று பயன்கருதி வகுத்துக்கொள்வதே இங்கு எல்லை.

இம்மூன்றுக்கும் வெப்பத் தாங்கெல்லை, முறிவுத் தாங்கெல்லை, நேரியல் தாங்கெல்லை எனப் பெயரிடலாம். ‘தாங்கு’ என்னும் வினையடி இங்கு மிகவும் பொருத்தமானது. ‘கையாளுதல்’ என்பது ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு. கேபிள் எதனையும் கையாளுவதில்லை. தூண் பாரத்தைத் தாங்குவதுபோல அது தாங்குகிறது. ‘தாங்கெல்லை’ வினைத்தொகையாக அமைவதனால் முன்னே எவ்வடையையும் ஏற்கும் நெகிழ்ச்சியும் உடையது.

‘திறன் தாங்கும் திறன்’

இதுவரை ‘திறன்’ என்னும் சொல் வாட்டால் அளக்கப்படும் அளவையைக் குறிக்க வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு அதுவே. ‘வேலை, ஆற்றல், திறன்’ என்பது இயற்பியல் மாணவர் அனைவரும் அறிந்த வரிசை. ஆனால் அதே பாடநூல்களில் மின்தேக்குத்திறன் உண்டு, பயனுறுதிறன் உண்டு, பிரிதிறன் உண்டு, லென்சின் திறனும் உண்டு. இவற்றுள் எதுவும் வாட்டால் அளக்கப்படுவதன்று. வல்லமை என்னும் பொதுப்பொருளிலும் அச்சொல் நாளும் வழங்குகிறது. விளைவாக, நாம் இங்கு ஆராயும் பண்பைத் தமிழ்நாட்டு வழக்கில் எழுத முனைந்தால் ‘திறன் தாங்கும் திறன்’ என்று எழுதவேண்டியதாகிறது. ஒரே தொடரில் ஒரே சொல் இருபொருள் தந்து நிற்கும் இந்நிலை செய்யுளில் அணியாகலாம், வரையறையில் குற்றமே.

தமிழுக்கு இதற்கான தீர்வு புதிதாகத் தேடவேண்டியதன்று. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘வேலை, சக்தி, வலு’ என்று எழுதுகின்றன. அங்கே வாட்டால் அளக்கப்படுவது வலு; வல்லமை திறனாகவே நிற்கிறது. ‘வலு தாங்கும் திறன்’ என்று அவ்வழக்கில் மயக்கமின்றி எழுதலாம். அதிர்வெண்ணை மீடிறன் என்றும், மின்தேக்கியைக் கொள்ளளவி என்றும் வழங்கும் அம்மரபு, தாய்மொழியில் அறிவியல் பயிற்றுவித்த நீண்ட பட்டறிவின் பயன். இரு மரபுகளையும் அருகருகே வைத்து, எச்சொல் எவ்விடத்தில் விளிம்பைத் தாங்குகிறது என்று ஒப்பிடும் ஆய்வுகள் பெருகவேண்டும். தொல்காப்பிய உரியியல் ஒரு சொல் பல பொருளுக்கும், பல சொல் ஒரு பொருளுக்கும் உரியவாதலை இலக்கணமாகவே கூறியது. இயல்பு வழக்கிற்கு அது வளம். கலைச்சொல் வழக்கில் அவ்வளத்தை ஓரளவு துறக்கவேண்டியுள்ளது.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். எச்சொல்லும் வரையறையால்தான் பொருள் பெறுகிறது; ஆங்கிலச் சொல்லும் மயக்கம் உடையதே என்பது முதல் மறுப்பு. ஆங்கிலச் சொல்லின் மயக்கம் உண்மையே. ஆற்றல் கணக்கால் வரையறுப்போரும் பெருக்கமின்மையால் வரையறுப்போரும் அங்கே உளர்; டையோடு எவ்வினம் என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. பிறமொழியின் மயக்கத்தையும் சேர்த்தே பெயர்க்கவேண்டும் என்னும் கட்டாயம் நமக்கில்லை. பிந்தி ஆக்குவோருக்குள்ள வாய்ப்பு இதுவே.

வழக்கிலுள்ள சொல்லை மாற்றினால் குழப்பம் மிகும் என்பது இரண்டாம் மறுப்பு. இது மதிக்கத்தக்கது. ஆகவேதான் நேரியல் என்பதை விளக்கத்தோடு ஏற்கலாம் என்றும், வேரூன்றாத ‘செயலற்ற’ என்பதை மட்டும் மாற்றலாம் என்றும் இக்கட்டுரை பிரித்துக் கூறுகிறது. ‘திறன்’ பள்ளி நிலையில் தொடரலாம். தாங்கெல்லை போன்ற தலைப்புகளில் ‘வலு’ என்பதை உடன் தந்து பழக்கலாம்.

தாய்மொழியில் இத்துணை நுண்ணிய பொறியியலைப் படிப்பவர் யாவர் என்பது மூன்றாம் மறுப்பு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021 முதல் மாநில மொழிகளில் பொறியியல் பட்டப்படிப்பு நடத்த ஏ.ஐ.சி.டி.இ. இசைவளித்துள்ளது. அவர்கள் மட்டுமல்லர். கோபுரத்தில் ஏறிக் கனெக்டரை இறுக்கும் தொழிலாளர் தமிழில் சிந்திக்கிறார், தமிழில் கற்றுக்கொடுக்கப்படுகிறார். எத்தனை முறுக்குவிசை வேண்டும் என்று மட்டும் கூறாமல் ஏன் வேண்டும் என்றும் அவருக்குக் கூறுவதற்குச் சொற்கள் தேவை.

முடிவுரை

உறுப்புகளை உருவாக்குவோர் அவற்றை அவை தாங்கும் எல்லைவரை இயக்கிச் சோதித்த பின்னரே புறத்தே விடுகின்றனர். கலைச்சொல்லுக்கும் அத்தகைய சோதனை வேண்டும். அதனை மூன்று எளிய வினாக்களாக வகுக்கலாம். கருத்து முறியும் இடத்தை விளக்கும் தொடரில் அச்சொல் முரண்படாது நிற்கிறதா? அக்கருத்தோடு அடிக்கடி இணையும் பிற கலைச்சொற்களோடு சேரும்போது மயக்கம் தருகிறதா? அது காட்டும் காரணம் கருத்தின் வரையறையா, அன்றி அதன் தோற்றமா?

‘செயலற்ற உறுப்பு’ முதல் வினாவில் தவறுகிறது. ‘திறன்’ இரண்டாவதில் தவறுகிறது. ‘நேரியல்’ மூன்றாவதில் தடுமாறுகிறது. ஆண்டெனாவை ‘அலைவாங்கி’ எனும் பெயரும் மூன்றாம் வினாவிற்கு விடை கூற இயலாதது; அலையை அனுப்பும் பணியை அது விட்டுவிடுகிறது. இவ்வாய்வைத் தமிழ்த்துறையினர் தனித்துச் செய்ய இயலாது. பொறியாளரும் தனித்துச் செய்ய இயலாது. பெயரெச்சத்தின் காலம் அறிந்தவரும், கனெக்டரின் ஆக்சைடு படலம் அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து, சொற்பட்டியலை அகரவரிசையில் அன்றி எல்லைத் தொடர்களில் இட்டுப் பார்க்கவேண்டும். ‘மிகைதரா உறுப்பு’, ‘தாங்கெல்லை’ என்னும் இரண்டும் அச்சோதனைக்கு முன்வைக்கப்படும் சொற்களே. அவை தவறினால் வேறு சொற்கள் வரட்டும். சோதனை மட்டும் விடுபடலாகாது.